பழைய உலாவியில் தமிழ் உடைந்து தெரிகிறதா? சரிசெய்யும் முறை

“கண்ணில் புரை விழுந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறித் தெரியுமாப்பா?” என்று பெரியம்மா ஒரு நாள் தொலைபேசியில் கேட்டார். புரை விழுந்தால் எழுத்து மங்கும், இடம் மாறாது. நேரில் போய்ப் பார்த்தேன். பத்தாண்டுக்கு மேல் ஓடிய கணினி, அதே வயதுள்ள உலாவி. திரையில் ‘பெண்’ என்ற சொல்லின் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் ‘ண’வுக்கு முன்னால் நின்றது. புள்ளிகள் எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் மிதந்தன. பல மாதங்களாக அவர் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் திருத்தித் திருத்தியே படித்துவந்திருக்கிறார். குறை தன் கண்ணில் என்று நினைத்ததால் யாரிடமும் சொல்லவில்லை. சரிசெய்ய 20 நிமிடம்தான் ஆயிற்று. அந்த 20 நிமிட வேலையையும், வேறு கணினிகளில் வேறு விதமாக வரும் குறைகளையும் இங்கே சொல்கிறேன்.

இப்படி ஒரு சிக்கல் என்று சொன்னதும் பெரும்பாலோர் தரும் பதில், “ஒரு தமிழ் எழுத்துருவை இறக்கிப் போடுங்கள்” என்பது. நான்கில் ஒரு வகைக் குறைக்குத்தான் அது மருந்து. மற்ற மூன்றுக்கும் பொதுவான தமிழ் எழுத்துருக்கள் நூறு போட்டாலும் பயன் இல்லை. ஆகவே எதையும் நிறுவுவதற்கு முன்னால் திரையை நிதானமாகப் பாருங்கள். எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்பதே எங்கே குறை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

உடைந்த எழுத்தைப் படிப்பது எப்படி

தமிழ் எழுத்துக்குப் பதிலாக வரிசையாக வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், தமிழ் வரைவடிவம் உள்ள எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. இது முதல் வகை.

இரண்டாவது வகை, பெரியம்மாவின் கணினியில் இருந்தது. எழுத்துகள் தமிழாகவே தெரியும். ஆனால் கொம்பும் காலும் புள்ளியும் தத்தம் இடத்தில் இருக்காது. ‘கு’ என்பது ‘க’வும் அதன் பக்கத்தில் தனியாக ஓர் உகரக் குறியுமாகப் பிரிந்து நிற்கும். நடுநடுவே புள்ளிகளால் ஆன சிறு வட்டமும் தோன்றலாம். இங்கே எழுத்துரு இருக்கிறது. எழுத்தைக் கோத்துத் தரும் பகுதிதான் வேலை செய்யவில்லை.

மூன்றாவது வகையை ஒரு முறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’, அதை அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு ஏதோ ஒரு குறி. மறுபடியும் சாய்கோட்டு ‘ஏ’, வட்டத்து ‘ஆர்’... பக்கம் முழுவதும் இந்த இணை திரும்பத் திரும்ப வரும். சில இடங்களில் வட்டத்து ‘ஆர்’ இருக்க வேண்டிய இடத்தில் மேலே ஒரு சிறு கிடைக்கோடு இருக்கும். இதற்குக் காரணம் எளிது. யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் ஒரு குறியாக்கம். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் (எழுத்துக்கோ குறிக்கோ உரிய எண்) மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள், ஆக 15 பைட். தமிழின் எல்லாக் குறியெண்களுக்கும் முதல் பைட் ஒன்றேதான். இரண்டாவது பைட்டும் இரண்டே வகைதான். உலாவி அந்தப் பக்கத்தை மேலை ஐரோப்பியக் குறியாக்கம் என்று தவறாக எண்ணிக்கொண்டால், பைட்டுக்கு ஓர் எழுத்து என்று 15 கிறுக்கல்களைக் காட்டும். முதல் பைட் எப்போதும் சாய்கோட்டு ‘ஏ’ ஆகிவிடும்.

நான்காவது வகையிலும் ஆங்கிலக் கிறுக்கல்தான். ஆனால் அந்த இணை வராது. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் இருந்தால் அது பாமினி எழுத்துருவுக்காகத் தட்டச்சு செய்த பக்கம். அதே சொல்லின் முதல் எழுத்தாக ‘முக்கால்’ என்ற பின்னக் குறியும், நடுவில் சென்ட் நாணயக் குறியும் வந்தால் அது திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம். இவை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முந்தைய காலத்துப் பக்கங்கள்.

ஒரு வரிச் சோதனை

எந்த வகை என்று ஓரளவு பிடிபட்ட பிறகு, குறை உலாவியிலா, விண்டோஸ் போன்ற இயங்குதளத்திலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான் எப்போதும் பயன்படுத்தும் வரி இது:

கௌரி கொடுத்த பெரிய பையை ஸ்ரீதேவி தூக்கிக்கொண்டு போனாள், லக்ஷ்மி பார்த்தாள்.

ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, எழுத்தின் இருபுறமும் வரும் ஒகர ஓகாரங்கள், ஔகாரம், ஊகாரம், ஸ்ரீ, க்ஷ என்று உடையக்கூடிய வடிவங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. ‘அம்மா’ ‘படம்’ போன்ற சொற்களை வைத்துச் சோதித்தால் பாதிக் குறைகள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இந்த வரியைப் படியெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கேயும் உடைந்தால் குறை இயங்குதளத்தில் அல்லது எழுத்துருவில் இருக்கிறது. நோட்பேடில் சரியாக வந்து உலாவியில் மட்டும் உடைந்தால், உலாவியைத்தான் கவனிக்க வேண்டும். இன்னொரு துப்பும் உண்டு. தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் உலாவியின் மேல்விளிம்பில் பக்கத்தின் தலைப்பு தெரியும் அல்லவா? பல உலாவிகளில் அது பக்கத்தின் எழுத்துருவால் அல்லாமல் இயங்குதளத்தின் எழுத்துருவால் வரையப்படுகிறது. தலைப்பு சரியாகவும் பக்கம் உடைந்தும் இருந்தால், அந்தப் பக்கத்தின் எழுத்துருவையோ உலாவியின் அமைப்பையோ சந்தேகிக்கலாம்.

வேறெந்தக் கணினியிலும், புத்தம் புதிய உலாவியிலும்கூட ஒரே ஒரு சொல் மட்டும் புள்ளிவட்டத்தோடு தெரிந்தால் அது உங்கள் குறை அல்ல. எழுதியவர் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டியிருப்பார், அல்லது பிடிஎஃப் கோப்பிலிருந்து படியெடுத்து ஒட்டியிருப்பார். ஒருங்குறியில் கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் மெய்யெழுத்தே முதலில் வர வேண்டும்.

கட்டங்கள் தெரிந்தால்

இங்கேதான் எழுத்துரு மருந்தாகிறது. விண்டோஸ் 2000 முதல் 8.1 வரை லதா என்ற தமிழ் எழுத்துரு விண்டோஸுடன் வந்தது. 7இல் விஜயாவும் சேர்ந்தது. 8 முதல் நிர்மலா யூஐ வருகிறது. விண்டோஸ் 10, 11 பயன்படுத்துவோருக்கு லதா வேண்டுமானால், ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடிப் போய், தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற பொருளில் உள்ள தொகுப்பைச் சேர்க்க வேண்டும். பழைய பக்கங்கள் சில ‘லதா’ என்று பெயர் சொல்லியே கேட்கும் என்பதால் இது உதவும்.

எழுத்துருவே இல்லாத கணினிக்கு நான் பரிந்துரைப்பது கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ். இந்த வெற்றுக் கட்டங்களைக் கணினித் துறையினர் டோஃபு என்பார்கள். ‘இனி டோஃபு இல்லை’ என்ற பொருளில்தான் நோட்டோ என்ற பெயரே வந்தது. கோப்பை இறக்கி, சுருக்கியிருந்தால் விரித்து, அதன் மேல் வலச்சொடுக்கு செய்து ‘இன்ஸ்டால்’ கொடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் இந்தத் தெரிவு இருக்காது. கன்ட்ரோல் பேனலில் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ உறைக்குள் கோப்பைப் படியெடுத்து ஒட்டினால் போதும். லினக்ஸ் என்றால், நிரல்களை நிறுவித்தரும் பொதி மேலாளரில் லோகித் தமிழையோ நோட்டோவையோ தேடி நிறுவலாம். பிறகு உலாவியின் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல், எழுத்துரு வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்து, நடுவில் ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் மிஞ்சினால் அவை பெரும்பாலும் புதிய உணர்ச்சிக் குறிகளாகவோ பக்கத்தின் பொத்தான் சின்னங்களாகவோ இருக்கும். தமிழுக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை.

கொம்பும் காலும் இடம் மாறினால்

தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவது, அச்சுக்கோப்பது போன்ற வேலை. ‘கொ’ என்பது சேமிப்பில் ‘க’வும் ஒகரக் குறியும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க ஒருவர் வேண்டும். பழைய விண்டோஸில் அந்த வேலையை யூனிஸ்கிரைப் என்ற பகுதி செய்தது. எக்ஸ்பியில் தமிழுக்கு உரிய கோப்புகள் இயல்பாக நிறுவப்பட்டிருக்காது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்:

1. கன்ட்ரோல் பேனலில் ‘ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘லாங்வேஜஸ்’ என்ற தாவலுக்குச் செல்லுங்கள்.
2. அங்கே இரண்டு தேர்வுக் கட்டங்கள் இருக்கும். முதலாவது, சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் உரியது. அதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் என்ற பெயர் அதில் இருக்காது. தாய்லாந்து மொழியின் பெயர்தான் இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.
3. விண்டோஸ் குறுவட்டைக் கேட்டால் கொடுங்கள். வட்டு இல்லையென்றால் அதே கணினியில் ‘ஐ386’ என்ற உறை இருக்கிறதா என்று தேடி, அதைக் காட்டலாம்.
4. கணினியை நிறுத்தித் தொடங்குங்கள்.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா முதல் இது இயல்பாகவே இயங்குகிறது. அதற்குப் பிந்தைய கணினியில் கொம்பு இடம் மாறினால் உலாவியைத்தான் பார்க்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்புப் பகுதியைத் தம்மோடு கொண்டுவருகின்றன. இயங்குதளம் எவ்வளவு பழையதாக இருந்தாலும், அதில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பு ஃபயர்ஃபாக்ஸை நிறுவினால் பல நேரங்களில் வேறொன்றும் செய்யாமலே எழுத்து ஒழுங்காகிவிடும். எனக்கு நேரம் குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் செய்து பார்ப்பேன்.

வட்டத்துக்குள் ‘ஆர்’ தெரிந்தால்

எதையும் நிறுவ வேண்டாம். உலாவிக்குக் குறியாக்கத்தைச் சொல்லிவிட்டால் போதும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ‘வியூ’ பட்டியலில் ‘என்கோடிங்’ சென்று யூனிகோட் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலே தெரியவில்லை என்றால் ‘ஆல்ட்’ விசையை ஒரு முறை தட்டுங்கள், மேலே வந்து நிற்கும். பழைய ஃபயர்ஃபாக்ஸில் ‘வியூ’, ‘டெக்ஸ்ட் என்கோடிங்’, ‘யூனிகோட்’. பதிப்பு 91 முதல் அந்த நீண்ட பட்டியலுக்குப் பதில் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ என்ற ஒரே கட்டளை இருக்கிறது. குரோம் இந்த வசதியை எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறப்பதுதான் எளிய வழி.

யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்த பின்னும் கிறுக்கல் மாறவில்லை என்றால், அந்த உரை சேமிக்கப்பட்டபோதே கெட்டுவிட்டது. படிப்பவர் கையில் அதற்கு மருந்து இல்லை. தளத்தை நடத்துபவருக்கு எழுதிச் சொல்லுங்கள்.

பாமினி, திஸ்கி காலத்துப் பக்கங்கள்

ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே 128 இடங்கள் கொண்ட கட்டம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் உலாவிகளும் இயங்குதளங்களும் அதைச் சரியாகக் காட்டுவதற்கு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை தமிழர்கள் காத்திருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து தமக்கென எழுத்துருக்களை உருவாக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் அடுக்குமுறை. 1999இல் டேப், டேம் என்ற குறியாக்கத் தரங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அதனுடன் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றது. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட கதைகள், கட்டுரைகள், இதழ்கள் ஏராளம். இன்று கிறுக்கலாகத் தெரிகின்றனவே என்று அவற்றை மூடிவிட்டுப் போகாதீர்கள். அவை அத்தனையும் படிக்கக் கூடியவை.

அன்றைய தளங்கள் பல, எழுத்துருவைத் தாமே அனுப்பும் ‘இயங்கு எழுத்துரு’ முறையைக் கையாண்டன. அதில் ஒரு வடிவம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது. அதனால்தான் அதே பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் கிறுக்கலாக வரும். அந்த எக்ஸ்புளோரருக்கும் 2022 ஜூன் 15ஆம் தேதியோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. பக்கம் கேட்கும் எழுத்துருவை நிறுவுவது ஒன்று. கிறுக்கலைப் படியெடுத்து எழுத்துரு மாற்றி என்ற இணையக் கருவியில் ஒட்டி ஒருங்குறியாக்கிக்கொள்வது மற்றொன்று. நான் இரண்டாவதையே சொல்வேன். மாற்றிய உரையைத் தேடலாம், சேமிக்கலாம், பிறருக்கு அனுப்பலாம். மாற்றியில் எந்தக் குறியாக்கம் என்று கேட்கும்போது, மேலே சொன்ன ‘தமிழ்’ என்ற சொல்லின் அடையாளத்தை வைத்துப் பாமினியா திஸ்கியா என்று முடிவு செய்யுங்கள். பிடிபடாவிட்டால் ஒரே ஒரு வரியை மட்டும் ஒட்டி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியானது எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான குறை ஒன்றையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலப் பக்கம் முழுவதும் பொருளில்லாத தமிழாக மாறியிருக்கும். யாரோ பாமினி போன்ற எழுத்துருவை உலாவியின் பொது எழுத்துருவாக வைத்திருப்பார்கள். எழுத்துரு அமைப்பில் அதை எடுத்துவிட்டுப் பழைய தெரிவுக்குத் திரும்பினால் சரியாகிவிடும்.

உலாவியின் எழுத்துரு அமைப்பு

ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் ‘ஃபான்ட்ஸ்’ என்ற பகுதியில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்துங்கள். மேலே மொழியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் தமிழ் என்று மாற்றிய பிறகே கீழே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழியை மாற்றாமல் எழுத்துருவை மட்டும் மாற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அதே சாளரத்தில், பக்கங்கள் தம் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிக்கும் தேர்வுக் கட்டம் இருக்கிறது. அதைத் தற்காலிகமாக நீக்கிப் பாருங்கள். உடனே எழுத்து சரியானால் குறை பக்கம் அனுப்பும் எழுத்துருவில்தான். ஆனால் நிரந்தரமாக நீக்கிவைத்தால் பல தளங்களின் பொத்தான் சின்னங்கள் கட்டங்களாகிவிடும். எக்ஸ்புளோரரில் ‘இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்’ சாளரத்தின் ‘ஃபான்ட்ஸ்’ பொத்தானில் தமிழுக்கான எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம்.

பக்கம் அனுப்பும் எழுத்துரு பழைய உலாவிக்கு வந்து சேராமலே போவதும் உண்டு. இன்று பரவலாக உள்ள ‘வாஃப்2’ என்ற எழுத்துருக் கோப்பு வடிவத்தை எக்ஸ்புளோரர் அறியாது. தளம் உண்மையானது என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் காரணமாகவும் இணைப்பு முறியலாம். இதில் எளிதான ஒன்றை முதலில் பாருங்கள்: கணினியின் தேதி. உள்ளே உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினிகள், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறானால் சான்றிதழ்கள் செல்லாது, எழுத்துருவும் இறங்காது.

பழைய கைபேசியில்

தமிழ் எழுத்துரு இல்லாத பழைய கைபேசிகளில் நாமாக எழுத்துரு சேர்ப்பது எளிதல்ல. அவற்றில் பலருக்குக் கைகொடுத்தது ஓப்பரா மினி என்ற உலாவி. அதன் பழைய பதிப்புகளில், முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ‘கான்ஃபிக்’ என்று தட்டினால் ஓர் அமைப்புப் பட்டியல் வரும். சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்தவா என்று கேட்கும் வரியில் ‘யெஸ்’ என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். எழுத்துகள் படமாக வந்து சேர்வதால் கைபேசியில் எழுத்துரு தேவைப்படாது.

நிறுவும்முன் ஓர் எச்சரிக்கை

பக்கம் கிறுக்கலாகத் தெரிந்து, “எழுத்துரு இல்லை, புதுப்பிக்க இங்கே அழுத்தவும்” என்று பெட்டி தோன்றினால் அழுத்தவே அழுத்தாதீர்கள். 2017இல் குரோம் பயன்படுத்துவோரைக் குறிவைத்து இப்படித்தான் ஒரு மோசடி நடந்தது. பக்கத்தின் எழுத்துகளை வேண்டுமென்றே சிதைத்துக் காட்டி, ஹோஃப்லர்டெக்ஸ்ட் என்ற எழுத்துரு இல்லை என்று பெட்டி சொன்னது. அழுத்தியவர்களின் கணினியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல் இறங்கியது. எழுத்துருக் கோப்பின் பெயர் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும். இஎக்ஸ்இ என்று முடிவது ஒரு நிரல். அதை எழுத்துரு என்று சொல்லித் தருபவரை நம்ப வேண்டாம்.

உலாவியை மாற்றும்போது

எக்ஸ்பியில் ஓடிய கடைசிக் குரோம் பதிப்பு 49, கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52. விண்டோஸ் 7இல் குரோம் 109 வரை, ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 115 வரை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியும் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியும் முடிந்துவிட்டன. எழுத்து அழகாகத் தெரிந்துவிட்டது என்பதற்காக அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய உலாவியை அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்முன் பழைய உலாவியில் சேமித்துவைத்த முகவரிகளை ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறொருவருடைய கணினியைச் சரிசெய்தால், முடிந்ததும் அவரை உட்காரவைத்துச் சோதனை வரியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெரியம்மா கௌரியையும் ஸ்ரீதேவியையும் தடையில்லாமல் கடந்து ‘லக்ஷ்மி’யில் நின்றுவிட்டார். “இது மட்டும் ஏன் பிரிந்து நிற்கிறது?” என்றார். கொம்புகளையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. ‘க்’ தனியாகவும் ‘ஷ’ தனியாகவும் இருந்தன. அந்த எழுத்துருவில் கூட்டெழுத்து இல்லை. அமைப்பில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டும் சேர்ந்துகொண்டன. மறுபடியும் முதலிலிருந்து படித்தார், இந்த முறை எங்கேயும் நிற்கவில்லை.